குறிஞ்சின்னா காதல் மட்டும்தானா? போடி மலையும் உலகம் படித்த தமிழும்

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் வீடு திரும்பும் கூலித் தொழிலாளர்கள்தான் அதில் இருப்பார்கள். சங்க இலக்கியக் கணக்கில் இந்த மலை 'குறிஞ்சி'. வெளியுலகம் தமிழரைத் தெரிந்துகொண்டதில் இந்தத் திணைக்குப் பெரிய பங்கு உண்டு. எப்படி?

லண்டன் ரயிலில் குறிஞ்சிக் கவிதை

மைசூரில் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் ஏ.கே.ராமானுஜன். குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1967-ல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்ற நூலாக வெளியிட்டார். அதில் ஒன்றுதான் செம்புலப்பெயனீரார் பாடிய 40-வது பாட்டு. இதுவும் குறிஞ்சித் திணைதான். லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளில் இந்த மொழிபெயர்ப்பை ஒட்டினார்கள். விக்ரம் சந்திரா 1995-ல் எழுதிய 'ரெட் எர்த் அண்ட் போரிங் ரெயின்' நாவலின் தலைப்பும் இதிலிருந்து வந்ததே.

இதனால் என்ன மாறியது?

பழைய இந்திய இலக்கியம் என்றாலே சமஸ்கிருதம் என்று நினைத்திருந்த வெளிநாட்டு வாசகர்களுக்கு, தனி மரபும் தனி இலக்கணமும் உள்ள இன்னொரு செவ்வியல் மொழி அறிமுகமானது. சாமியும் ராஜாவும் இல்லாமல், பெயர் சொல்லாத ஓர் ஆணும் பெண்ணும் பேசும் கவிதைகள் அவர்களுக்குப் புதுசு.

விடுபட்டது எது?

சங்கக் குறிஞ்சியில் தினைப்புனம் காப்பதும் தேன் எடுப்பதும் உண்டு. ஆனால் வெளியே அதிகம் போய்ச் சேர்ந்தது காதல்தான். மலையில் கூலி வேலை பார்ப்பவர்களின் கதை வேறு வழியில் போனது. வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டக் கொடுமைகளை மருத்துவர் பி.எச்.டேனியல் 1969-ல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்திலேயே நாவலாக எழுதினார். இரா.முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2013-ல் வந்த 'பரதேசி' படத்துக்கும் அதுவே அடிப்படை.

போடி பக்கத்து மலைக்கு அந்த வேலையைச் செய்தது சினிமா. லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-ல் வெளியானது. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்படுவதுதான் கதை.

ஆக, எது மொழிபெயர்க்கப்படுகிறதோ அதுவே வெளியாருக்குத் தமிழர் முகம். ராமானுஜன் காட்டியது பொய்யில்லை, பாதி. மீதிப் பாதி தினமும் ஜீப்பில் மலையேறுகிறது.