கசப்பு வேரும் இனிப்புக் கனியும்

ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதை நாம் தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். வேர் ஒரு மரத்தினுடையது. மேலே வளர்வது வேறொன்று. ஆரஞ்சு மரத்தைக் காத்ததும் இந்த வித்தைதான்.

1830ஆம் ஆண்டுகளில், அட்லாண்டிக் கடலிலுள்ள அசோர்ஸ் தீவுகளில், ஆரஞ்சு மரங்களின் அடித்தண்டு அழுகிப் பிசின் வடிந்தது. ஈரமண்ணில் வாழும் பைட்டோப்தோரா என்னும் பூஞ்சணத்தின் வேலை அது. (இன்றைய அறிஞர்கள் அதைப் பூஞ்சண இனத்தில் சேர்ப்பதில்லை, மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.) நோய் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் பரவியது. கசப்பு ஆரஞ்சின் வேர் மட்டும் அதற்கு எளிதில் மசியவில்லை. ஆகவே அதன்மேல் இனிப்பு ஆரஞ்சை ஒட்டினார்கள்.

தப்பித்தோம் என்றிருந்த வேளையில், 1930களில், பிரேசிலிலும் அர்ஜெண்டினாவிலும் டிரிஸ்டெசா என்ற நச்சுயிரி நோய் புகுந்தது. கசப்பு வேரில் நின்ற மரங்களே லட்சக்கணக்கில் மடிந்தன. எந்த வேரை நம்பினார்களோ, அதுவே காலை வாரியது!

மாற்று வேர் முன்பே பிறந்திருந்தது. 1894-95 குளிர்காலத்து உறைபனியில் புளோரிடாவின் தோப்புகள் பட்டுப்போயின. குளிர் தாங்கும் பழமரம் தேடிய அமெரிக்க அறிஞர் வால்டர் சுவிங்கிள், இனிப்பு ஆரஞ்சைச் சீனத்து மூவிலை ஆரஞ்சுடன் கலக்க வழிகாட்டினார். 1909ஆம் ஆண்டுக் கலப்பில் வந்ததே 'டிராயர்'. அதன் பழத்தை வாயில் வைக்க முடியாது. அவ்வளவு புளிப்பு, கசப்பு. ஆனால் அதன் வேரோ அழுகலை ஓரளவு தாங்கியது, டிரிஸ்டெசாவுக்கும் ஈடுகொடுத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் கலிபோர்னியாத் தோட்டக்காரர்கள் அதைப் பெருமளவில் நடத் தொடங்கினார்கள்.