வாவியின் இரு கரைகளில் புரதம்: தயிர், புண்ணாக்கு, தவிடு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் மேற்கே படுவான்கரையில் நெல்வட்டைகளும் மாட்டுப் பட்டிகளும்; கிழக்கே எழுவான்கரையில் தென்னையும் கடற்றொழிலும். உணவிலிருந்து புரதத்தைத் திரட்டும் வேலை இவ்விரு கரைகளிலும் நெடுங்காலமாக நடந்து வருகிறது. இயந்திரங்கள் வந்தபின் அந்தப் புரதத்தில் பெரும்பங்கு மனிதத் தட்டிலிருந்து மாட்டுத் தொட்டிக்குப் போனது. அந்த மாற்றத்தையே இக்கட்டுரை ஆராய்கிறது.

படுவான்கரையில் எருமைப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றும்போது நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்க வைக்கின்றன. அமில அளவு பீஎச் 4.6ஐ நெருங்கும்போது கேசின் புரதம் கரைந்திருக்க முடியாமல் திரள்கிறது. மண்சட்டி ஈரத்தை உறிஞ்ச, தயிர் இறுகுகிறது. எழுவான்கரையில் தேங்காய்ப்பாலை வற்றக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும்போது, அடியில் பழுப்பாக மிஞ்சும் கசடும் வெப்பத்தில் திரண்ட புரதமே. அமிலம், வெப்பம் என்ற இவ்விரண்டு வழிகளும் இன்றைய ஆய்வுகூடங்களிலும் அடிப்படை முறைகளாகவே உள்ளன. அறிவியல் வரலாற்றில், ஐரோப்பாவில் பெக்காரி என்ற அறிஞர் கோதுமை மாவைக் கழுவிப் பசைப்புரதத்தைப் பிரித்த செய்தி 1745இல் அச்சேறியது. 1773இல் வேதியியலாளர் ருவெல் இலைச்சாற்றைச் சூடாக்கிப் புரதத்தைத் திரட்டினார். 'புரோட்டீன்' என்ற பெயரே 1838இல் வேதியியலாளர் முல்டரின் கட்டுரையில்தான் வந்தது.

தென்னையில் மாற்றம் எண்ணெய் ஆலையோடு வந்தது. கொப்பராவைச் சூடேற்றிப் பிழிந்தபின் எஞ்சும் புண்ணாக்கில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம் உண்டு. ஆனால் உலர்த்தலும் ஆலைச் சூடும் அதன் கரைதிறனைக் குறைத்துவிடுகின்றன. கொப்பராவில் பூஞ்சை பிடித்தால் நச்சும் சேரும். ஆகவே அது தீவனமாயிற்று.

நெல்லின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. உரலில் குத்தியபோது அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியே இருந்தது. 1880களில் பிரேசிலில் உருவான எங்கல்பெர்க் வகை ஆலை இலங்கைக் கிராமங்களிலும் பரவியது. அது உமியையும் தவிட்டையும் ஒன்றாக அரைத்துத் தள்ளிற்று. 12 முதல் 15 சதவீதம் புரதமுள்ள தவிடு உமித்தூளில் கலந்தபின் மனித உணவாக மீள வழியில்லை. பின்னர் வந்த இறப்பர் உருளை ஆலைகள் உமியைத் தனியே நீக்கியதால்தான் சுத்தமான தவிடு மீண்டும் கைக்கெட்டியது.

இந்தத் தவிட்டையும் புண்ணாக்கையும் தின்ற மாடு பாலாகத் திருப்பித் தருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனிதர் உண்ண முடியாத வைக்கோலை மாடு பாலாக்குவது பெரும் பயன். ஆனால் உண்ணும் தீவனப் புரதத்தில் சிறுபங்கையே அது பாற்புரதமாக்குகிறது. உண்ணத் தகுந்த தவிட்டை முழுவதும் அதனிடம் விடுவது இழப்பு.

புரதம் போதாது என்ற கவலை உலக அரங்கிலும் எழுந்தது. 1968இல் ஐக்கிய நாடுகள் அறிக்கை புரத நெருக்கடி வரப்போவதாக எச்சரித்தது. 1974இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் மெக்லாரன் 'லான்செட்' மருத்துவ இதழில் அந்த அச்சத்தையே மறுத்தார். பிரித்தானியாவில் பிரீ என்ற ஆய்வாளர் இலைப் புரதத்தை மனித உணவாக்க முயன்றார். கோயம்புத்தூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ராஜம்மாள் தேவதாஸ் அதைச் சிறுவர் உணவில் ஆராய்ந்தார். இலங்கையில் 1973இல் தொடங்கிய திரிபோஷ சத்துணவுத் திட்டம் சோளத்தையும் சோயாவையும் நம்பியது. ஊர்த் தவிட்டை அது நாடவில்லை.

இன்று ஆய்வாளர்கள் தவிட்டைக் காரநீரில் ஊறவைத்து, கரைந்த புரதத்தை அமிலத்தால் திரட்டுகிறார்கள். நொதிகளும் மீயொலியும் இரசாயனத் தேவையைக் குறைக்கின்றன. ஆயினும் இரண்டு தடைகள் உண்டு. பச்சைத் தவிடு அரைத்த சில மணி நேரத்திலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்; உடனே சூடாக்க வேண்டும். புழுங்கல் தவிடு அவ்வளவு விரைவாகக் கெடாது, ஆனால் அவித்த சூட்டில் அதன் புரதம் கடினமாகி எளிதில் கரையாது. கிழக்கில் இரண்டு வகைத் தவிடும் கிடைப்பதால் வெளியூர்ச் செய்முறையை அப்படியே நகலெடுக்க முடியாது.

கழிவுநீரும் ஒரு கேள்வி. புரதம் நீக்கிய நீரில் மாவும் சர்க்கரையும் உப்பும் மிஞ்சும். அதை வாவிக்குள் விட்டால் நீரின் ஒட்சிசன் குறைந்து மீனும் இறாலும் மடியும். தவிட்டில் மீட்ட புரதத்தை வாவியில் இழப்போம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் தவிட்டுப் புரத ஆய்வை ஏற்க வேண்டும். சிறு ஆலைத் தவிட்டில் தொடங்கி, கழிவுநீரைத் தீவனத்துக்கும் வயலுக்கும் திருப்பும் வழியையும் சேர்த்தே அது வகுக்கட்டும். அந்த வழி இல்லாத எந்தச் செய்முறையையும் நிலைபேறானது என்று இப்பகுதி ஏற்கலாகாது.