மேசைப் பாத்திர விளையாட்டில் தற்செயல் சந்திப்பு

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டுகளில், வழியில் எதிர்ப்படுவது யார் என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வதே தற்செயல் சந்திப்பு எனப்படும். விளையாட்டை நடத்தும் நடுவருக்கும் அது முன்னதாகத் தெரியாது.

இம்முறையைப் பரவலாக்கிய விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய இது 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியானது. அதன் மூன்றாம் கையேட்டில் இதற்கான விதி இருக்கிறது. நிலவறைக்குள் பத்து நிமிடம் கழிந்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நடுவர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 6 விழுந்தால், அலைந்து திரியும் அரக்கர்கள் எதிர்ப்படுவர். எந்த வகை என்பதை அட்டவணை சொல்லும். நிலவறையின் ஆழம் கூடக்கூடக் கொடியவை வரும்.

இதை வெறும் சண்டைக்கான ஏற்பாடு என்று கொள்வது தவறு. அன்றைய ஆட்டத்தில் அனுபவப் புள்ளிகள் பெரும்பாலும் வெளியே கொண்டுவந்த செல்வத்தால் கிடைத்தன. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. இருப்பிடத்தை விட்டு அலையும் அரக்கர்களிடம் பெரும் புதையல் அரிது. ஆகவே அவர்களோடு மோதுவது நட்டக் கணக்கே. தயங்கி நிற்கும் குழுவுக்குக் காலமே பகையாயிற்று.

கதை பிறந்த இடம் வேறொரு பகடையில் இருக்கிறது. அறிவுள்ள அரக்கர்களின் மனநிலையை அறிய நடுவர் இரண்டு பகடைகளை உருட்டுவார்: 2 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை ஐயம், 9 முதல் 12 வரை நட்பு. பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் பகைக்கு உரியவை 10 மட்டுமே. ஆறு கோப்ளின்கள் எதிரே வந்து, பகடையில் 7 விழுகிறது என்று கொள்வோம். அவர்கள் பாயவில்லை, ஓடவும் இல்லை. ஏன் இங்கே வந்தார்கள்? நடுவர் அந்த இடத்திலேயே விடை கண்டாக வேண்டும். பெரிய அரக்கன் ஒருவன் தங்களை விரட்டிவிட்டான் என்று அவர்கள் சொன்னால், யாரும் எழுதிவைக்காத ஒரு சாகசம் தொடங்கிவிடுகிறது.

நிலவறைக்கு வெளியிலும் இதே முறைதான். 1981இல் வந்த 'தி ஐல் ஆஃப் டிரெட்' ஒரு தீவின் அறுகோணக் கட்ட வரைபடத்தைத் தந்தது. பயணத்தை நடத்துவதில் சந்திப்பு அட்டவணைகளுக்குப் பெரும் பங்கு இருந்தது.

ஆனால் பகடைக்கு எவ்வளவு அதிகாரம் தருவது என்ற ஐயம் கைகாக்ஸுக்கே இருந்தது. நன்கு திட்டமிட்டு வந்த குழுவின் பயணத்தை அலையும் அரக்கர்கள் கெடுத்துவிடக்கூடும் என்றால் நடுவர் அந்தப் பகடையை விட்டுவிடலாம் என்று 1979இல் வெளியான நடுவர் கையேட்டில் அவர் எழுதினார். விதியை வகுத்தவரே விலக்கும் தந்தார். 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் வரிசை, முன்பே எழுதிய பெருங்கதையை முன்னிறுத்தியது. அத்தகைய கதையில் முக்கியப் பாத்திரம் வழிப்போக்கு அரக்கனிடம் மடிந்தால் சிக்கல்தான்.

சப்பானில் 1986இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' போன்ற கணினி விளையாட்டுகள் சந்திப்பை எடுத்துக்கொண்டு, மனநிலைப் பகடையைக் கைவிட்டன. பேச்சுக்கு அங்கே இடமில்லை. சில அடிகளுக்கு ஒரு சண்டை என்ற சலிப்பும், தற்செயல் சந்திப்புக்கு வந்த கெட்ட பெயரும் பெருமளவு இதன் விளைவே என்று கருத இடமுண்டு.

2000களில் பழைய விதிகளைத் தேடிப்போனவர்கள் மனநிலை அட்டவணையையும் மீட்டெடுத்தனர். 1970களின் இறுதியில் வந்த மேம்பட்ட பதிப்பின் விதிகளைத் திரும்ப எழுதிய 'ஓஸ்ரிக்' 2006இல் வெளியானது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு நடுவர் கையேடும் சந்திப்பைக் கைவிடவில்லை: இருபதுமுகப் பகடையில் 18 அல்லது அதற்கு மேல் விழுந்தால், யாரோ வருகிறார்கள்.