பல்கலைக்கழக வலை மின்னஞ்சல்

பல்கலைக்கழக வலை மின்னஞ்சல் என்பது, ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்க்கும் ஊழியர்க்கும் அளிக்கும் மின்னஞ்சலை உலாவியின் வழியே படிக்கவும் அனுப்பவும் உதவும் சேவை ஆகும். அஞ்சல்கள் வழங்கியிலேயே தங்குவதால், விடுதி, நூலகம், ஆய்வுகூடம் என எந்தக் கணினியிலிருந்தும் ஒரே அஞ்சற்பெட்டியைத் திறக்கலாம். பொதுக் கணினியில் பணி முடிந்ததும் முறையாக வெளியேறுதல் வேண்டும். சாளரத்தை மூடுவது மட்டும் போதாது.

செயற்படும் விதம்

வலை மின்னஞ்சல் மென்பொருள் உலாவிக்கும் அஞ்சல் வழங்கிக்கும் இடையே நின்று இயங்குகிறது. அஞ்சல்களைப் படிக்க ஐமேப் நெறிமுறையும், அனுப்ப எஸ்எம்டிபி நெறிமுறையும் பயன்படுவது வழமை. ஐமேப்பை 1986இல் வடிவமைத்த மார்க் கிறிஸ்பின் அப்போது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பல பல்கலைக்கழகங்கள் நிறுவிய ஸ்குவிரல்மெயில், 1999இல் தொடங்கப்பட்டு பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் ஆகும். ஜாவாஸ்கிரிப்ட் இன்றியும் இயங்கியதால் பழைய உலாவிகளிலும் மெதுவான இணைப்பிலும் அது திறந்தது. பின்வந்த அழகிய இடைமுகங்கள் பலவற்றுக்கு இச்சிறப்பு இல்லை.

வெளி நிறுவனங்களுக்கு மாற்றம்

2004இல் ஜிமெயில் 1 கிகாபைட் சேமிப்பிடத்துடன் அறிமுகமானது. 2006இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாணவர் மின்னஞ்சலைக் கூகிளின் சேவைக்கு மாற்றத் தொடங்கியது. இத்தகைய மாற்றத்தில் முகவரி மாறவேண்டியதில்லை. ஆள்களப் பெயர் முறைமையில், அஞ்சல் எவ்வழங்கிக்குச் செல்லவேண்டும் எனக் கூறும் பதிவைத் திருத்தினால் போதும். பயனர் காண்பது பழைய முகவரியே. அஞ்சல்கள் இருப்பது வேறொருவரின் வழங்கியில்.

இதனை எல்லோரும் ஏற்கவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகம், ஆசிரியர், ஊழியர்க்கான ஜிமெயில் சோதனை முயற்சியைத் தனியுரிமை குறித்த ஐயங்களால் 2010இல் நிறுத்தியது. கல்வி நிறுவனப் பயனர்களின் அஞ்சல்களை விளம்பர நோக்கில் வருடுவதை நிறுத்தியதாகக் கூகிள் 2014இல் அறிவித்தது. எல்லையற்றது எனப்பட்ட சேமிப்பிடமும் நிலைக்கவில்லை: 2021இல் அறிவிக்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, நிறுவனம் முழுமைக்கும் பொதுவான அடிப்படை அளவு 100 டெராபைட் ஆனது.

கணக்கின் உரிமை

முகவரி பல்கலைக்கழகத்தின் ஆள்களத்துக்கு உரியது. பட்டம் பெற்றோரின் கணக்கைச் சில பல்கலைக்கழகங்கள் நீட்டிக்கின்றன. சில குறித்த காலத்தின்பின் மூடிவிடுகின்றன. மூடப்பட்ட முகவரியை வேறு தளங்களில் பதிந்திருந்தால், கடவுச்சொல் மீட்பு மடலும் அங்கேயே சென்று பயனரை எட்டாது போகும். ஆய்வுக் கட்டுரையில் அச்சாகிவிட்ட தொடர்பு முகவரியைத் திருத்துவதும் எளிதன்று. எனவே தளப் பதிவுகளைப் படிப்பு முடியுமுன்பே சொந்த முகவரிக்கு மாற்றுதல் நன்று. ஐமேப் அணுக்கம் அனுமதிக்கப்பட்டிருப்பின், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளைக் கொண்டு பழைய அஞ்சல்களைத் தன் கணினியில் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.