குருமாணவரும் கோடைப் பங்குப்பணியும்

கத்தோலிக்கக் குருமாணவர் ஒருவர் கோடை விடுமுறையில் ஒரு பங்கில் தங்கி ஊழியம் புரிவது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆயினும் இவ்வழக்கம் வேரூன்றிய வரலாறு நேரானதன்று.

1563ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திரெந்து சங்கம் தன் 23ஆம் அமர்வில், மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்கப்பட வேண்டுமெனக் கட்டளையிட்டது. 12 வயது நிரம்பி, எழுதப் படிக்க அறிந்த சிறுவர், சிறப்பாக ஏழைகளின் பிள்ளைகள், அதில் சேர்க்கப்பட வேண்டியவர்கள். இளமையிலேயே காக்கப்படாவிடில் அவர்கள் உலக இன்பங்களின்பின் செல்வர் என்பது சங்கத்தாரின் அச்சம். எனினும் திருநாட்களில் அம்மாணவர் பேராலயத்திலும் அவ்வூரின் பிற ஆலயங்களிலும் பணிபுரிய வேண்டுமென்றும் அதே கட்டளை கூறுகிறது. இவ்விரண்டாம் கூறு பின்னர் மங்கிற்று, அச்சமே ஓங்கிற்று. விடுமுறை, மாணவன் தான் பெற்ற பக்தியை இழக்கக்கூடிய காலமாக எண்ணப்பட்டது. குருமடங்கள் பல தங்கள் மாணவரைக் கூட்டமாக நாட்டுப்புற ஓய்வில்லங்களுக்கு அழைத்துச் சென்றன. உரோமையிலுள்ள ஆங்கிலக் கல்லூரி ஆல்பானோ ஏரிக்கரையில் பலாஸ்ஸோலா இல்லத்தை 1920இல் வாங்கியதும் அம்மரபைத் தழுவியே. அழகிய இடந்தான்; ஆனால் பங்கு மக்கள் அங்கில்லை.

1965 அக்டோபர் 28இல் வெளியான குருத்துவப் பயிற்சி பற்றிய ஆணையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், படிப்புக் காலத்திலும் விடுமுறைகளிலும் மாணவர் மேய்ப்புப் பணியில் பழக்கப்பட வேண்டுமென்றது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 258ஆம் விதியில், விடுமுறையைச் சிறப்பாகச் சுட்டி அதை உறுதிசெய்தது.

இதற்கிடையே 1972இல் பாப்பு ஆறாம் பவுல் முடிகத்தரிக்கும் சடங்கையும் சிறுபட்டங்களையும் நீக்கினார். அதன் விளைவு பெரிது. தியாக்கோன் பட்டம் பெறும்வரை குருமாணவர் சட்டப்படி பொதுநிலையினரே. கோடையில் பங்கிற்கு வரும் அவர் திருப்பலி நிறைவேற்ற இயலாது. பாவமன்னிப்பு வழங்க இயலாது. மறையுரையும் குருவுக்கோ தியாக்கோனுக்கோ உரியது. மரணப் படுக்கையருகே அவர் வேதம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம், நோயாளியின் கையைப் பற்றியிருக்கலாம். அவ்வீட்டார் வேண்டும் பூசுதலையோ அவர் தர முடியாது. பங்குத்தந்தைக்கு ஆள் அனுப்பிவிட்டு அவர்களோடு காத்திருக்க வேண்டும். தாம் நாளை வகிக்கப்போகும் பதவி இல்லாமலே மக்கள் நடுவில் நிற்கும் அந்தக் காத்திருப்பே இப்பயிற்சியின் உயிர்நிலை என நாம் எண்ணுகிறோம்.

நாமோ முதலாண்டு மாணவரையும் முதல் விடுமுறையிலேயே பிரசங்க பீடத்தில் ஏற்றிவிடுகிறோம். (சபையார் படும் பாட்டை எழுதப்புகின் கட்டுரை நீளும்.) நம் முன்னோர் யாவரும் அவ்வாறு செய்தவரல்லர். மனநோயுற்று மீண்டவரான அந்தோன் பாய்சன் 1925ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் மனநோய் மருத்துவமனைக்கு இறையியல் மாணவர் சிலரை அழைத்தார். அவர்கள் அங்கே பிரசங்கிகளாக அல்ல, நோயாளிகளைப் பேணும் வார்டு பணியாளராகவே சேர்க்கப்பட்டனர். அவர் தொடங்கிய அப்பயிற்சியில், வத்திக்கான் சங்கத்திற்குப் பின், கத்தோலிக்கக் குருமாணவரும் தங்கள் கோடையைக் கழிக்கலாயினர்.