ஆயுதச் சமநிலை

ஆயுதச் சமநிலையாவது, வீடியோ விளையாட்டில் ஆடுவோர் கைக்கொள்ளும் ஆயுதங்களுள்ளும் கருவிகளுள்ளும் ஏதேனும் ஒன்று ஏனைய யாவற்றையும் பயனற்றவையாக்கிவிடாதபடி, அவற்றின் வலிமை, வேகம், எட்டும் தூரம், விலை முதலியவற்றை ஒன்றுக்கொன்று இயைய வகுக்கும் கலையாகும். எல்லா ஆயுதங்களுக்கும் ஒரே பலத்தைக் கொடுத்துவிட்டால் சமநிலை வந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. அப்போது தேர்ந்தெடுப்பதில் உள்ள ரசமே போய்விடும்.

ஆயுதத்தை எதனால் அளப்பது என்பதற்கு ஒரு பழம்பாட்டு வழிகாட்டும். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அங்கே நெய் பூசி மயிற்பீலி அணிவித்துக் காவல் மனையில் வைத்திருந்த படைக்கலங்களைப் புகழ்வார் போலப் பேசி, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையிலேயே கிடக்கின்றன என்று சொல்லிக் குத்திய நயத்தைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் காண்கிறோம். ஆயுதத்தை அலங்காரத்தால் அளவாமல் உபயோகத்தால் அளந்த அந்தக் கூரிய நோக்கே விளையாட்டை வகுப்போருக்கும் வேண்டுவது. எந்த ஆயுதத்தை ஆடுவோர் ஓயாமல் எடுக்கின்றனர், எது தீண்டுவாரின்றிக் கிடக்கிறது என்று கணக்கெடுத்து, முன்னதன் வலிமையைச் சற்றுக் குறைத்தும் பின்னதன் விலையைத் தணித்தும், விளையாட்டு வெளிவந்த பின்னரும் திருத்தங்கள் வழங்கிக்கொண்டே இருப்பது இத்துறையின் வழக்கம்.

பலம் வேறாயினும் சமநிலை அமைவதற்கு நம் நாட்டு ஆடுபுலி ஆட்டம் பழைய உதாரணம். புலிகள் 3, ஆடுகள் 15. தாண்டி வெட்டும் அதிகாரம் புலிக்கே உண்டு, ஆட்டுக்கு அறவே இல்லை. ஆனால் ஆடுகள் கூடிநின்று வழியை அடைத்துவிட்டால் புலி அசைய இடமின்றித் தோற்கும்.

1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் ஈட்டிவீரர் குதிரைப்படையையும், குதிரைப்படை வில்லாளரையும், வில்லாளர் ஈட்டிவீரரையும் அடக்குமாறு ஒரு சுழல் அமைந்துள்ளது. அதற்கு 2022இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கம் திராவிடர் என்னும் தரப்பைச் சேர்த்து, அதற்குச் சிறப்புப் படையாகச் சுருள்வாள் வீரரை அளித்தது. அவ்வீரன் வாளைச் சுழற்றினால் சூழ நிற்பவர் பலர் ஒருங்கே வெட்டுண்பர். ஆயினும் அத்தகைய வீச்சு ஒன்று முடிந்தபின், அதே வேகம் மீண்டும் கூடச் சிறிது காலம் காத்திருக்க வேண்டும். தென்னாட்டு உருக்கின் பெயரால் அமைந்த ஓர் ஆய்வை ஆட்டத்தினுள் முடித்துவிட்டாலோ, அத்தரப்பின் காலாளும் குதிரையாளும் பகைவரின் கவசத்தைப் பொருட்படுத்தாமலே தாக்குவர். இத்தனை வரத்தையும் அருளிய கை, பிற தரப்புகள் பலவற்றுக்கு முதுகெலும்பாகிய நைட் என்னும் கவசக் குதிரைவீரரை இவர்களுக்குக் கொடாமல் விட்டது. அது தற்செயலன்று, சமநிலையின் விலையே என்பது நம் கருத்து. ஆகவே திராவிடரை எடுத்து ஆடப் புகுவோர் குதிரையை நம்பாமல் காலாட்படையை நம்பி இறங்குவதே நலம்.