நாணயத்தின் நாணயம்

1898ஆம் ஆண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஆலங்குடிப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று வெளிப்பட்டது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்கள் காலத்துக் காசுகள் அவை. பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அக்காசுகளில் கண்டாரை வியக்கவைப்பது ஒன்று: பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது கூரிய கருவியால் வெட்டு விழுந்திருந்தது. இனி இது செலாவணிக்கு ஆகாது, எடைக்கு எடை பொன்னாகவே கொள்க என்று அறிவிக்கும் குறி அது என்பார் ஒருசாரார். மேலே பொன் பூசி உள்ளே செம்பு வைத்த கள்ளக்காசோ என ஐயுற்றுச் செய்த சோதனை என்பார் மற்றொரு சாரார். பின்னது உண்மையாயின், போலிக்கு அஞ்சிக் காசை வெட்டிப் பார்க்கும் வழக்கம் நம் மண்ணில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது எனலாம்.

இன்று பழங்காசு சேர்க்கத் தொடங்கும் ஆர்வலர் எவரும் காசை வெட்டிப் பார்க்க இயலாது. அவர் கையில் இருக்கவேண்டிய உளி வரலாற்றறிவே. களிம்பும் தேய்மானமும் பழமைக்குச் சான்றல்ல. அவற்றைச் சில நாட்களில் செயற்கையாக உண்டாக்கிவிடலாம். ஆனால் காசில் பொறிக்கப்பட்ட ஆண்டு, மொழி, மதிப்பு, எடை ஆகியவை தம்முள் பொருந்துமாறு பொய் சொல்வது எளிதன்று.

முதலில், நம் மாணவர்கள் அடிக்கடி கொண்டுவந்து காட்டும் ஒரு காசை எடுத்துக்கொள்வோம். பித்தளையிலோ செம்பிலோ ஆனது. ஒருபுறம் அனுமனோ இராமர் பட்டாபிஷேகமோ இருக்கும். மறுபுறம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா' என்னும் ஆங்கில எழுத்துகளும் 1616, 1717, 1818 போன்ற ஓர் ஆண்டும் இருக்கும். அரிசியை ஈர்க்கும் ஆற்றல் இதற்கு உண்டென்று கதை கட்டி இலட்சக்கணக்கில் பணம் பறித்த மோசடிகளும் நம் மாநிலத்தில் நிகழ்ந்துள்ளன. 1616இல் கம்பெனியின் நிலை என்ன? ஆங்கிலேய மன்னரின் தூதர் சர் தாமஸ் ரோ ஜஹாங்கீரின் அவையில் வணிகச் சலுகை வேண்டிக் காத்திருந்த காலம் அது. கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் பொதுவான சீர்நாணயத்தை வெளியிட்டதோ 1835இல்தான். ஆகவே இவை எக்காலத்தும் செலாவணியில் இருந்தவையல்ல. கம்பெனியின் பெயரைப் பொறித்த கற்பனை வில்லைகள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கம்பெனியார் இந்துக் கடவுளரைக் காசில் பொறித்திருப்பார்களா என்று மட்டும் கேட்டு முடிவுசெய்யலாகாது. சென்னையில் அவர்கள் அடித்த வராகன்களில் தேவியர் இருவருடன் திருமால் நிற்கும் வடிவம் உண்டு. இங்கே கடவுள் உருவம் பொய்யைக் காட்டவில்லை. ஆண்டும் மதிப்பும்தான் காட்டின.

அடுத்து, நம் ஊரின் அம்மன் காசு. ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல். சுண்டுவிரல் நகத்தளவேயான இச்செப்புக் காசு இருபது சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரி நாட்களில் அரண்மனையிலிருந்து அரிசியோடு இதையும் சேர்த்து வழங்கினர். 1730 முதல் 1769 வரை ஆண்ட விஜயரகுநாதத் தொண்டைமான் காலத்தோடு மரபு இதனை இணைக்கிறது. தொடக்கத்தில் கையால் அடிக்கப்பட்டவை. வட்டம் கோணும், உருவம் ஓரத்தில் நழுவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இயந்திரத்தில் அச்சடிக்கப்பட்டவை. விளிம்பும் வட்டமும் சீரானவை. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது 1948இல். இவ்வேறுபாடு தெரியாதவரிடம், பாட்டனார் காலத்து இயந்திரக் காசை முந்நூறாண்டுப் பழமை என்று சொல்லி விற்றுவிடலாம். அப்போது காசு மெய், கதை பொய். தொடக்கநிலைச் சேகரிப்பாளர் உலோகப் போலியினும் அஞ்சவேண்டியது இந்தக் கதைப் போலியையே.

உரோமப் பொற்காசுக்கு வருவோம். அகநானூற்றின் 149ஆம் பாடல், யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதைச் சொல்கிறது. அந்தப் பொன்னின் எடையை நாம் அறிவோம். அகஸ்டஸ் காலக் காசு ஏறத்தாழ 7.8 கிராம், நீரோ கி.பி. 64இல் எடையைக் குறைத்தபின் ஏறத்தாழ 7.3 கிராம். தேய்மானத்தால் எடை சிறிது குறையலாம், கூட வழியில்லை. வார்ப்பில் செய்த போலியை உருப்பெருக்கியில் பார்த்தால் நுண்குழிகளும், கூர்மழுங்கிய எழுத்துகளும், சிலபோது விளிம்பைச் சுற்றி ஓடும் இணைப்புக் கோடும் தென்படும். ஆயினும் எழுத்துப் பிழையை மட்டும் கண்டு இக்காலப் போலி எனத் தள்ளிவிடவும் கூடாது. உரோமக் காசுகளைப் பார்த்து அக்காலத்திலேயே இந்தியாவில் செய்த பொற்காசுகள் உள்ளன. இலத்தீன் அறியாத கைகள் பொறித்த அவற்றின் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாய் நிற்கும். அவையும் வரலாற்றுச் சான்றுகளே.

இறுதியாக, விற்பவர் வாயிலிருந்து தவறாமல் வரும் ஒரு சொற்றொடர்: 'வயலில் தோண்டும்போது கிடைத்தது, வெளியே சொல்லாதீர்கள்.' 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசும் தொல்பொருளே. அதனை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. ஆகவே அச்சொற்றொடர் பொய்யாயின் நாம் வாங்குவது போலி; மெய்யாயின் குற்றத்துக்கு உடந்தை. வாங்கலாம் என்னும் மூன்றாம் வழி அங்கே இல்லை.

குற்றம் என்பதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. கருக்காக்குறிச்சிக் காசுகள் ஒன்றொன்றாகக் களவில் விலைபோயிருந்தால், வெட்டுப்பட்ட தலைகள் இத்தனை ஓரிடத்தில் கூடிக் கிடந்தன என்பதே எவருக்கும் தெரிந்திராது. தனிக்காசு ஒன்றின் வெட்டு வெறும் சேதமாகவே எண்ணப்பட்டிருக்கும்.

எனவே, சேர்க்க விழைவோர் முதலில் திருக்கோகர்ணத்திலுள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கும், வாய்ப்பிருப்பின் சென்னை எழும்பூருக்கும் சென்று மெய்க்காசுகளைக் கண்ணாரக் கண்டு பழகுக. ஒரு நல்ல நூலும், ஒரு சிறு தராசும், ஓர் உருப்பெருக்கியும் முதற்செலவாகட்டும். விலை மலிந்த அம்மன் காசிலிருந்து தொடங்குக. உரிமமுள்ளவரிடம், இரசீதோடு, போலியெனில் திரும்பப் பெறுவதாக எழுத்தில் உறுதி பெற்று வாங்குக. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது; வாங்கும் கையும் அப்பெயருக்கு உரியதாக இருக்கவேண்டும்.